கழற்றிய அடைப்பு

அன்று எங்கள் படகில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் மகள், அவள் தம்பி, அவளைத் தம் மகனுக்குக் கேட்டு வந்திருந்த மரக்கடைக்காரர். நாங்கள் ஒட்டி நின்ற கப்பலின் கம்பியில் சாய்ந்து மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியரையும் சேர்த்தால் ஐவர். வேறு யாராவது தாமும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கப்பல்களின் கழிவை வாங்குவது எங்கள் தொழில். இயந்திர அறையில் சேரும் கசடு எண்ணெயைக் கடலில் விடக்கூடாது. நாங்கள் குழாய் போட்டு எங்கள் தொட்டிக்கு இழுத்துக் கரையில் ஒப்படைப்போம். என் தகப்பனார் தொடங்கியது. எங்கள் படகைக் கண்டால் கப்பல்காரர்கள் கேள்வி கேட்காமல் ஏணியை இறக்குவார்கள். அந்த மரியாதை சும்மா வந்ததல்ல.

பெண் செய்யும் வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்றார் மரக்கடைக்காரர். நியாயம்தான். பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். காலையில் பெய்த மழை இன்னும் வடிந்து முடியாமல் தளத்தில் தேங்கியிருந்தது.

"இதுதான் நீ ஓட்டற பம்பாம்மா?"

"ஆமாங்க. கிட்ட வராதீங்க, சட்டை வீணாயிடும்."

"மருமகள் இப்பவே அதட்டறாளே!"

"இன்னும் மருமகள் ஆகலைங்க," என்றாள்.

எனக்கு உள்ளூரப் பெருமை. முகத்தில் காட்டவில்லை.

மழைநீர் வழிவதற்குத் தளத்தின் ஓரத்தில் துளைகள் உண்டு. பம்பு ஓடும்போது அவற்றை மரக்கட்டையால் அடைத்துவிட வேண்டும். எண்ணெய் சிந்தினாலும் தளத்தோடு நின்றுவிடும். அவள் அடைத்துவிட்டுத்தான் பம்பைப் போட்டாள். என் மகனோ, விருந்தாளியின் ஷூ நனைகிறதே என்று, அக்கா முதுகைத் திருப்பிய நேரம் ஒரு கட்டையைப் பிடுங்கித் தண்ணீரை வடியவிட்டான். வந்தவரை உபசரிப்பதில் எங்கள் வீட்டில் யாரும் குறை வைத்ததில்லை. அந்தக் குணமே அன்று எங்கள் காலை வாரியது.

குழாய் இணைப்பு பீய்ச்சியது. மகள் உடனே பம்பை நிறுத்தினாள். கறுப்பு எண்ணெய் தளத்தில் ஓடியது. ஓரத்தில் நின்றுவிடும் என்று நிதானமாகப் பார்த்தவள், திறந்த துளையைக் கண்டதும், "எவன்டா இத எடுத்தது!" என்று பாய்ந்து குதிகாலால் அழுத்தி அடைத்தாள். அதற்குள் கொஞ்சம் போய்விட்டது. தண்ணீரில் அது வண்ணம் வண்ணமாக விரிந்துகொண்டே போயிற்று.

மரக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு குடம்கூட இருக்காது. அலையில காணாமப் போயிடும். உரிமத்தப் புடுங்கிட்டா என்னங்க பண்ணுவீங்க? நல்லது நடக்கற நேரத்துல எதுக்கு இது?"

மேலே இன்ஜினியர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, அவர் சொல்றது..." என்று ஆரம்பித்தான் மகன்.

"நீ வாயத் திறக்காத," என்றேன்.

மகள் என்னை நேராகப் பார்த்தாள். "என்னால கால எடுக்க முடியாதுப்பா. ஒயர்லெஸ் உங்க பக்கத்துலதான் இருக்கு."

எடுத்துத் துறைமுகத்தைக் கூப்பிட்டேன். படகின் பெயரைச் சொன்னேன். என் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் சொன்னேன். கசடு எண்ணெய் கடலில் விழுந்துவிட்டது, அள்ள ஆள் அனுப்புங்கள் என்றேன்.

"எந்தக் கப்பல் விட்டதுங்க ஐயா?" என்றது மறுமுனை.

"கப்பல் இல்லப்பா. நாங்க."

துறைமுகத்து ஆட்கள் வந்து மிதவை கட்டி, பஞ்சுப் பாய்கள் போட்டு எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். விசாரணை முடியும்வரை படகைக் கட்டிவைக்கச் சொன்னார்கள். மரக்கடைக்காரர் கரையில் இறங்கி, "சொல்லி அனுப்பறேன்," என்றார். இன்னும் அனுப்பவில்லை. மகள் தினமும் படகுக்குப் போகிறாள். தம்பியை மண்டியிட வைத்து, ஒவ்வொரு அடைப்பையும் சங்கிலி போட்டுத் தளத்தோடு பிணைக்கச் சொல்கிறாள். சுத்தியல் சத்தம் கரைவரை கேட்கிறது.

கப்பல்காரன் விட்ட எண்ணெய்க்குப் பெரியவர் பெருந்தன்மையாகப் பழி ஏற்றார் என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அது பொய். எண்ணெய் எங்கள் படகிலிருந்துதான் விழுந்தது.