பீரோவில் இருந்த போன்

செந்தூர்பாண்டியும் மனைவி மாரித்தாயும் வாழையில் சருகு அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஏரலுக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய தோட்டம். அன்று அவர்கள் இருவருக்கு மட்டும்தான் அங்கே வேலை.

"நாளைக்காவது பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வாங்க. போன் அவுக பீரோவுலயே கெடக்கு."

"அஞ்சாங்கிளாசுல வாத்தியாருக்குப் பயந்து ஓடுனவன் நான். இப்பம் என்னைய வரச் சொல்லுதாவ பாரு" என்று சிரித்தார் செந்தூர்பாண்டி.

மகள் பிரேமலதாவுக்கு வீட்டுப்பாடமெல்லாம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். வீட்டில் இருப்பது ஒரே போன். இரவில் எழுதி முடியாததைப் பார்த்து எழுத அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். பிடுங்கி வைத்துவிட்டார்கள். அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம்.

செந்தூர்பாண்டி குனிந்து சருகை அள்ளினார். சட்டென்று கையை உதறினார். புறங்கையில் இரண்டு புள்ளிகள். தடித்த பாம்பு வால் ஒன்று சருகுக்குள் நுழைந்து மறைந்தது.

"பூச்சி கடிச்சிட்டு புள்ள. ஆம்புலன்சுக்குப் போனப் போடு."

அவள் வாழைக்குக் கொடுத்திருந்த முட்டுக்கம்பை நோக்கி ஓடினாள். வேலைக்கு வந்தால் போனை மஞ்சள்பையில் போட்டு அதில்தான் மாட்டுவார்கள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். தூக்குச்சட்டிதான் தட்டுப்பட்டது. அப்போதுதான் நினைவு வந்தது.

"யாராவது இருக்கீகளா!"

தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரோட்டுக்குப் போ. நான் இங்கனயே இருக்கேன். பாத்துப் போ, விழுந்துராத."

வரப்பில் ஓடினாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வாழை. திரும்பிப் பார்த்தால் அவர் சாய்ந்து கிடப்பாரோ என்று பயந்து, திரும்பவே இல்லை. ரோட்டில் முதலில் பைக்கில் வந்தவர் வேகத்தைக் குறைத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அரிவாள் தன் கையிலேயே இருப்பதை அவள் அதன்பிறகே கண்டாள். அதை ஓடைக்குள் வீசிவிட்டு, நடுரோட்டில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அடுத்து வந்த பால் வண்டிக்காரர் நிறுத்தி, போனைக் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது, செந்தூர்பாண்டியின் ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அவருடைய காரியம் முடிந்த பிறகு மாரித்தாய் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆயா சாரம்மாள் அவள் முகத்தைப் பாராமல் பீரோவைத் திறந்தாள். போனைச் சுற்றி, ரப்பர் பேண்டில் ஒரு சீட்டு: 'தந்தை வரவேண்டும்.' மாரித்தாயிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் சார்ஜ் ஏறியதும் போன் விடாமல் ஒலித்தது. எல்லாம் வகுப்புக் குழுவின் செய்திகள். பள்ளிக்குப் போன் கொண்டுவருவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்குக் கீழே, அன்றைய வீட்டுப்பாடம்.

பிரேமலதா நோட்டைத் தேடி எடுத்தாள்.