சுவரில் தொங்கிய லைசென்ஸ்

காலை ஏழு மணிக்கே மொட்டைமாடித் தகரம் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஏசிக்குக் கேஸ் நிரப்பும் வேலையால் பெயர் வாங்கிய கேஸ் அக்கா குந்தியபடி ஒரு ஏசியின் வெளிப்பெட்டியில் தண்ணீரைப் பீய்ச்சினாள். ஓராண்டு அழுக்கு கறுப்பாக வழிந்து அவள் முழங்கால்களை நனைத்தது. பித்தளை நட்டுகள் கீறிய விரல்கள் எரிந்தன. பக்கத்தில் வெல்டர் மாமா செம்புக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இருவரும் மூன்றாம் மாடி விளிம்பின் பக்கம் திரும்பவேயில்லை. முந்தாநாள் அங்கிருந்துதான் அவர்களோடு வேலை செய்யும் ஒட்டடை விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஒட்டடைக்குச்சி போல ஆள் உயரம் என்பதால் அந்தப் பெயர். இடுப்புக்குக் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டை முதலாளியிடம் கேட்டுக் கேட்டு இவர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

எட்டு மணிக்கு முதலாளி எல்லோரையும் கடைக்குக் கூப்பிட்டார். கேஸ் அக்காவிடம் ஒரு வெற்றுத் தாளை நீட்டினார்.

"இன்சூரன்ஸ்காரங்க வர்றாங்க. அந்தப் பய நம்ம ஆளே இல்ல, வேடிக்கை பாக்க மேல ஏறினவன்னு எழுதிக் குடும்மா. லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு, நீ சொன்னா எடுபடும்."

"ஆறு வருஷமா வேடிக்கை பாத்தானா முதலாளி?"

"ஒன்பது பேருல நாலு பேருக்குத்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன். அவன் அதுல இல்ல. உண்மையைச் சொன்னா கடையை மூடிடுவாங்க. உனக்கும் சோறு இங்கதான், ஞாபகம் வச்சுக்க."

கேஸ் அக்கா சுவரை நிமிர்ந்து பார்த்தாள். படித்துத் தேறி வாங்கிய லைசென்ஸை இந்த மனுஷன் சுவரில் மாட்ட, ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தவள் அவள்தான். தேறிய ஆள் ஒருவர் இல்லாமல் எந்தக் கடையும் ஏசி மெஷினைத் தொடக்கூடாது என்பது விதி. அவள் பெயரைக் காட்டித்தான் அவர் இத்தனை நாளும் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இன்று அதே பெயரால் ஒட்டடையை இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார். இவரைத் தெருவில் நிறுத்தாமல் விடக்கூடாது என்று மனசாரக் கறுவினாள்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருந்த லைசென்ஸ் தாளை மட்டும் உருவினாள்.

"ஏய், அது கடைச் சொத்து!"

"கண்ணாடியும் மரமும் கடைச் சொத்து. வச்சுக்குங்க. பேர் என்னுது."

"உன் வேலையும் சேர்ந்துதான் போகும்!"

"போகட்டும். நீங்க வேர்த்துக் கொட்டி நிக்கிறதைப் பாக்கணும், எனக்கு அது போதும்."

முதலாளி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது கிளம்புங்கப்பா. பேங்க்ல மெஷின் நின்னு போச்சாம்."

வெல்டர் மாமா கருவிப் பையைத் தரையில் வைத்தார். "லைசென்ஸ் இல்லாம தொட்டா குத்தம் முதலாளி. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?" ஒன்றன்பின் ஒன்றாக மற்ற பைகளும் இறங்கின.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதிய புகாரில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடை மூடினால் நாளைக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஒருவரும் பின்வாங்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள்.

ஒட்டடையின் வலக்கை முழுக்க மாவுக்கட்டு. இடக்கையில் பேனாவை வாங்கிக்கொண்டு, "நான் எங்கக்கா போடணும்?" என்றான்.

கேஸ் அக்கா புகார்த் தாளைத் தட்டிக் காட்டினாள். 'இக்கடையில் வேலை செய்பவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரி காலியாக இருந்தது.

"உனக்குத்தான் விட்டு வச்சிருக்கோம். நல்லா அழுத்திப் போடு."