வழவழப்பு அண்ணன் தடவிய வட்டு

கிட்ட வாங்க, கண்ணுகளா. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். கழுத்து சம்பந்தப்பட்ட கதை என்பதால் உட்காருவதில் கொஞ்சம் கவனம் தேவை.

ஒரு பெண் இருந்தாள். கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல ஒரு வட்டு இருக்கிறதே, டிஸ்க் என்கிறோமே, அது தேய்ந்தவர்களுக்கு வைக்கும் செயற்கை வட்டை வரைந்து வடிவமைப்பது அவள் வேலை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. மேலும் கீழும் உலோகத் தகடு. அந்தத் தகடுகளில் வரிசையாகப் பொடிப்பொடிப் பற்கள். உள்ளே போகும்போது வழிவிட்டு, வெளியே வரப் பார்த்தால் எலும்பைக் கவ்வும்படி சாய்ந்திருக்கும். கவ்வினால்தான் மனுஷர் தைரியமாகத் தும்மலாம். முன்னால் நழுவினால் உணவுக்குழாய் இடிபடும். பின்னால் நழுவினால் தண்டுவடம். வேண்டாம், அதைச் சொல்லவே வாய் வரவில்லை.

நான்கு வருட உழைப்பு. ஆனால் வட்டு நழுவிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை அறுவை மருத்துவர் வந்து பார்க்கிறார், அன்றைக்கும் நழுவினால் இதை மூட்டை கட்டிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சோதித்துப் பார்ப்பவள் அவளுடைய நாத்தனார். எலும்புக்குப் பதிலாக இரண்டு நுரைக்கட்டைகள். நடுவே வட்டை வைத்து, இயந்திரத்தில் அழுத்திப் பின்னாலிருந்து தள்ளுவாள்.

"அண்ணி, உங்க செல்லம் மறுபடியும் ஓடிப்போச்சு."

"காலையில வச்சதா?"

"அது கல்லு மாதிரி நின்னுச்சு. இது மத்தியானம் வந்தது."

"ரெண்டும் ஒரே வரைபடம்தானே?"

"எங்க அண்ணன்கூடத்தான் ஒரே ஆளு. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்கா? உங்களுக்குப் பழகியிருக்கணுமே!"

சிரிக்கவும் முடியவில்லை அவளுக்கு. ஒன்பது வட்டுகளில் நான்கு நின்றன, ஐந்து நழுவின. அளந்தாள். ஒன்பதும் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தன. கட்டையை மாற்றினாள், இயந்திரத்தின் திருகாணிகளை முறுக்கினாள். எது எப்படி வந்தது என்று எழுதிப் பார்த்தாள். அவளே பட்டறைக்கு அவசரமாக ஓடிப்போய் வாங்கி வந்த நான்கும் நின்றிருந்தன. பெட்டியில் ஒழுங்காக வந்த ஐந்தும் நழுவியிருந்தன. இதென்ன கூத்து? கைராசியா? கைராசியை எந்த வரைபடத்தில் போடுவது?

மறுநாள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"நேத்து தூங்கினியா?" என்றான் கணவன்.

"வழுக்குது."

"எது?"

"தெரியலையே!"

புதன்கிழமை, வேறு போக்கிடம் தெரியாமல், மெருகு போடும் அறைக்குப் போனாள். அங்கே இருந்தவரை எல்லாரும் வழவழப்பு அண்ணன் என்பார்கள். முப்பது வருடம் உலோக ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை எடுத்த கை. விளக்கடியில் பூதக்கண்ணாடி, ஊசி போல ஓர் அரம்.

"வா தங்கச்சி. இந்தத் தடவையாவது பிடுங்கிட்டு ஓடாதே. போன வாரம் நாலு பீஸை நான் முடிக்கிறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டே. எனக்கு மனசே ஆறல."

"என்ன முடிக்கல?"

"பல்லெல்லாம் கையைக் கிழிக்குதே! நான் முடிச்சதைத் தடவிப் பாரு. குழந்தை கன்னம்."

தடவினாள். குழந்தை கன்னமேதான்.

"யாருண்ணே பல்லை மழுக்கச் சொன்னது?"

"நீதான்."

வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'கூர்மையான விளிம்புகள் அனைத்தையும் நீக்கவும்.' பழைய வரைபடத்திலிருந்து எல்லா வரைபடத்துக்கும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வரி. நான்கு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அதைப் படித்ததில்லை. அவர் எடுத்தது மயிரிழைதான். அதனால் அளவிலும் தெரியவில்லை.

பேனாவை எடுத்து வரியை அடித்தாள்.

"அப்ப நான் எதையும் தொட வேணாமா?"

"வேணாம்."

"பிசிறு உடைஞ்சு ஒருத்தர் கழுத்துக்குள்ள விழுந்தா?"

பேனா அப்படியே நின்றது. இரண்டு பேரும் கண்ணாடியடியில் குனிந்தார்கள். பிசிறும் மின்னியது, பல்லும் மின்னியது. எது எடுக்க வேண்டியது, எது இருக்க வேண்டியது? வரைந்தவளுக்கே தெரியவில்லை. கடைசியில் அவர் அரத்தின் நுனியால் மெதுவாகத் தட்டினார். மெல்லிய இழை ஒன்று வளைந்தது.

"ஆடுறது பிசிறு. ஆடாதது உன் பல்லு. சரியா?"

"சரின்னுதான் நினைக்கிறேன்ணே."

முடிக்காமல் மூன்று வட்டுகள் மிச்சம் இருந்தன. அவற்றில் ஆடியதை மட்டும் எடுத்து, பல்லைத் தொடாமல் முடித்தார்கள்.

வியாழக்கிழமை மருத்துவர் ஒரு வட்டை எடுத்து விரலால் வருடினார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஒரு சொட்டு ரத்தம்.

"கடிக்குதே!"

"எங்க அண்ணி வளர்ப்பு, சார்," என்றாள் நாத்தனார்.

தள்ளினாள். அழுத்தம் காட்டும் முள் ஏறியது, இன்னும் ஏறியது. நுரைக்கட்டைதான் பிய்ந்தது, வட்டு நகரவில்லை. மூன்றும் நின்றன.

"இன்னும் இருபது செஞ்சு காட்டுங்க. அப்புறம் பேசலாம்," என்றார் மருத்துவர். முதலாளி தலையாட்டினார்.

வாசலில் நின்ற வழவழப்பு அண்ணன் மட்டும் தெளியாத முகத்தோடு கேட்டார்: "இவ்வளவு கூராவே அனுப்பிட்டு, வீட்ல நான் எப்படி தங்கச்சி தூங்குறது?"

அவள் அடுத்த இருபதுக்கான வரைபடத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் அன்றைக்குத் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது, கண்ணுகளா. ஆனால் உங்கள் வீட்டில் குனிந்தவர்கள் எல்லாரும் வலியில்லாமல் நிமிரட்டும். கூப்பிட்ட பக்கம் கழுத்து சுகமாகத் திரும்பட்டும். உங்கள் வீட்டுக்காக உழைக்கிற ஒவ்வொரு கைக்கும் நல்ல தூக்கம் வரட்டும்.