நைனா எதை மறைக்கிறார்?

திருப்பதியில் எம்.ஏ. உளவியல் படிக்கும் தாட்சாயணிக்கு வாய்மொழித் தேர்வில் இது இரண்டாவது முயற்சி. இதிலும் தோற்றால் பட்டம் இல்லை. முதல் தடவை அவளைக் கவிழ்த்தது அவள் வாய்தான்.

பேராசிரியர் வேதாச்சலம் வியன்னா டாக்டர் ஒருவரின் கோட்பாட்டைக் கரைத்துக் குடித்தவர். ஆணிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்று ஏங்குபவள்தான் பெண்ணாம். அந்தக் குறையை மறைக்கத்தான் நெசவையே கண்டுபிடித்தாளாம். நகரியில் விசைத்தறி ஓட்டுபவரின் மகளிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பாளா? எகிறினாள். அந்தக் கோபமே கோட்பாட்டுக்குச் சான்று என்று புன்னகையோடு சொல்லி ஃபெயில் போட்டார் மனிதர். எதிர்த்தால் சான்று, வாயை மூடினால் சம்மதம். இவ்வளவு வசதியான கோட்பாடு வேறு யாருக்குக் கிடைக்கும்?

வயிற்றெரிச்சலோடு ஊருக்குப் போனவள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு தறிக்கூடம் தறிக்கூடமாக ஏறி இறங்கினாள். அவள் தெருவில் பெண்கள் நூல் சுற்றிக் கொடுப்பார்கள்; தறியில் நிற்பது ஆண்கள். நாற்பது ஆண்களிடமும் ஒரே கேள்விதான்: எந்தக் குறையை மறைக்க நெய்கிறீர்கள்? ஒருவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். ஒருவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா நாகபூஷணம் மட்டும் தறியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"நாங்க இன்னாத்தம்மா மறைக்கிறோம்? ஊரான் மானத்ததான் மறைச்சிக்கினு கீறோம்."

நைனாவை அந்த நிமிடம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்தப் பதிலை அப்படியே, புதிதாக எழுதிய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டாள்.

தேர்வு நாளில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் யாமினி அம்மையார் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தாட்சாயணி பாடம் ஒப்பிக்கிற குரலில் தன் முடிவைச் சொன்னாள். நெய்வது குறையை மறைக்கத்தான் என்றால், எங்கள் தெருவில் குறை ஆண்களுக்குத்தான்.

வேதாச்சலம் மேசையைத் தட்டினார். இது ஆராய்ச்சியா, திமிரா என்று தமிழில் தொடங்கிய கத்தல் தெலுங்கில் போய் முடிந்தது. தாட்சாயணி நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாய் என்று அதட்டினார்.

"நாப்பத்தோராவது ஆளு சார். கோவம் வந்தா அதுவே சான்றுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

யாமினி அம்மையார் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, இருமிக்கொண்டே பாஸ் போட்டார். தாளை வேதாச்சலத்தின் பக்கம் நகர்த்தினார்.

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், நோட்டைப் பார்த்தார். மறுத்தால் அதையும் எழுதிவிடுவாள் என்று புரிந்தது. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.