முந்நூறு சதவீதம்

முந்நூறு பெரிதா, இருபத்தைந்து பெரிதா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்கு மட்டும் ஏன் மனசு ஒப்பவில்லை? ஒருவேளை நான்தான் நன்றி கெட்டவளோ?

சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த கட்டம் போட்ட தாளைப் பார்த்தபடி அவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் கணவர். அவர் பக்கத்தில் அவருடைய அக்கா. தாளின் மேல், ஆஸ்பத்திரிக்கு ஒரு ராஜினாமாக் கடிதம். ராஜினாமா அவளுடையது, எழுதியிருந்தவர் கணவர். தேதிகூடப் போட்டாயிற்று. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பகலில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, மகள் பிரசவத்துக்கென்று போனவள், இனி வரமுடியாது என்று நேற்றுச் சொல்லியனுப்பிவிட்டாள்.

"வெளியாளே வேண்டாம் தம்பி. அப்பாவை நம்ம ஆளுதான் பார்க்கணும்," என்று நாத்தனார் அப்போதே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். 'நம்ம ஆள்' என்றால் யார் என்று அந்த வீட்டில் எவரும் விளக்கம் கேட்கவில்லை.

கணவர் மட்டும் அதைக் கணக்காக்கிப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நியாயஸ்தர் என்று பெயர் எடுத்தவர்.

"நான் ஆம்பளை பொம்பளைன்னு பிரிச்சுப் பேசறவன் இல்லை. ஒரு வாரமா கடிகாரத்தை வெச்சு அளந்திருக்கேன். இங்கே பாரு," என்று பேனா முனையால் தாளைத் தட்டினார். "அப்பா படுக்கையில விழறதுக்கு முன்னாடி, வீட்டு வேலை எனக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். குப்பையை வெளியே வைக்கிறது, செடிக்குத் தண்ணி ஊத்தறது. இப்போ நாற்பது. அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விடறேன், பேப்பர் படிச்சுக் காட்டறேன், மாத்திரை குடுக்கறேன். பத்துக்கு முப்பது கூடியிருக்கு. எத்தனை சதவீதம்?"

வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார். பழக்க தோஷம்.

"முந்நூறு," என்றாள்.

"உனக்கு முன்னாடி ஆறு மணி நேரம். இப்போ ஏழரை. முந்நூத்தி அறுபது நிமிஷத்துல தொண்ணூறு கூடியிருக்கு. இருபத்தஞ்சு சதவீதம். யாருக்குச் சுமை கம்மியா ஏறியிருக்கோ, அவங்கதானே மிச்சத்தையும் தாங்கணும்?"

"அடேயப்பா! முந்நூறா?" நாத்தனார் தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அதான் இப்படி இளைச்சுப் போயிட்டான். எனக்கு எவ்வளவுடா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் அக்கா முன்பெல்லாம் அப்பாவுக்கென்று எதுவும் செய்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் பழம் கொண்டுவந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். இன்றைய பழப்பை அவள் எதிரே மேசைமேல் இருந்தது.

"அது வந்துக்கா, பூஜ்யத்துலேருந்து கூடினா சதவீதம் போட முடியாது."

"கேட்டியாம்மா?" நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள். "கணக்குக்கே அடங்காத உழைப்பு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்திருக்கலாம் என்று மறு நொடியே தோன்றியது. இந்த வீட்டில் எத்தனை சிரிப்பைத்தான் விழுங்கியிருக்கிறாள்! அதற்கெல்லாம் தாளில் கட்டம் இல்லை.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "எங்க வார்டுல தினம் குழந்தைங்களை எடை போடறோம். ஒரு கிலோ குழந்தை நூறு கிராம் ஏறினா பத்து சதவீதம். நாலு கிலோ குழந்தை அதே நூறு கிராம் ஏறினா ரெண்டரை. அதுக்காகச் சின்னக் குழந்தைதான் கனம், பெரிசு லேசுன்னு யாரும் சொல்றதில்லையே. இடுப்புல வெச்சாத் தெரியுது."

"அது எடை. இது வேலை."

"எனக்குக் கூடினது தொண்ணூறு நிமிஷம். உங்களுக்கு முப்பது."

"இதைத்தான் பசங்ககிட்ட தலைப்பாடா அடிச்சுக்கறேன்," என்று அவர் அக்காவிடம் அலுத்துக்கொண்டார். "எத்தனை கூடிச்சுன்னு மட்டும் பார்க்கக் கூடாது, எதுலேருந்து கூடிச்சுன்னு பார்க்கணும்."

எதிலிருந்து! அந்தச் சொல் அவளுக்குள் சுருக்கென்று தைத்தது. அந்த ஆறு மணி நேரத்தை யார் முடிவு செய்தார்கள்? அவருடைய பத்து நிமிடத்தை யார் எழுதி வைத்தார்கள்? கல்யாணத்தன்று பேசிய எத்தனையோ பேச்சில் இது ஒன்று மட்டும் பேசப்படவில்லை, பேசாமலே முடிவாகியிருந்தது. முன்பு சும்மா இருந்தவர் கொஞ்சம் அசைந்தால் மலைபோலத் தெரிகிறது. முன்பே மலை சுமந்தவளுக்கு இன்னொரு பாறை ஏறினால் இருபத்தைந்து.

பச்சைக் குழந்தைகளின் வார்டில் பதினான்கு வருடம். குறைமாதத்தில் பிறந்த உயிர்கள் உள்ளங்கையில் அடங்கும். ஊசி போட நரம்பு கிடைக்காமல் டாக்டர்கள் தவிக்கும்போது, "அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார்கள். அவள் கண்ணை மூடி விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். நாளெல்லாம் அவள் செய்யும் வேலைகளில் செய்துமுடித்ததும் யாராவது நிமிர்ந்து பார்ப்பது அது ஒன்றைத்தான். கடிதத்தில் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஒரு வரி. அந்த விரல்கள் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுமா?

"யோசிக்க என்னம்மா இருக்கு? நர்ஸ் வேலைதானே, அதையே வீட்டுல பாரு. தள்ளாத வயசுல அவருக்குச் செஞ்சா உனக்குத்தான் புண்ணியம்," என்றாள் நாத்தனார்.

"பாதிப் புண்ணியம் உங்களுக்கு இருக்கட்டும் அண்ணி," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "காலைல பெரிய சிஸ்டர்கிட்ட பேசிட்டேன். இனிமே எனக்கு மத்தியான டூட்டி மட்டும்தான். ரெண்டு மணி வரைக்கும் மாமாவை நான் பார்த்துக்கறேன். குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து, படுக்க வெச்சுட்டுப் போறேன். ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் நீங்க வாங்க. நாலு மணிக்கு இவர் பள்ளிக்கூடம் விட்டு வந்துடுவார். நான் திரும்பி வர ஒன்பது ஆகும்."

"தினமுமா?" என்றாள் நாத்தனார். பழப்பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மாமா தினமும்தானே படுத்திருக்கார்."

தாளின் ஓரத்தில் கணவரின் பேனா வேகமாக ஓடிற்று. நாலிலிருந்து ஒன்பது. ஐந்து மணி நேரம். முந்நூறு நிமிஷம். அதை நாற்பதால் வகுத்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எழுநூத்தி அம்பது சதவீதம்! தெரிஞ்சுதான் பேசறியா?"

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, அவர் போட்ட வகுத்தலை நிதானமாக ஒருமுறை சரிபார்த்தாள்.

"சரியாத்தாங்க போட்டிருக்கீங்க," என்று சொல்லி, கையெழுத்து இல்லாத கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.