ஐந்தாவது தோட்டா

வங்கிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் காவலாட்களை அனுப்பும் நிறுவனம் அது. அதன் ஆயுத அறை அவள் பொறுப்பு; அங்கிருக்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் அவள் கை பட்ட பிறகுதான் வெளியே போகும். உள்ளே தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, மேலே ஓடும் ஸ்லைடை இழுத்து விட்டு, அது திரும்பி உட்காரும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பாள். அதைப் பார்த்துப் பார்த்துக் காவலர்கள் அவளுக்கு வைத்த பெயர் டாக்டரம்மா. அவளுடைய அக்கா கணவரும் அங்கே ஒரு காவலர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் சுடும் பயிற்சி முடிந்து வந்து, ஆயுத அறையின் கம்பி ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்றார்.

"புதுசா வந்த தோட்டா அபாரம்மா. நம்ம கிழட்டுத் துப்பாக்கிக்கு வயசு திரும்பிடுச்சு. சுட்டதும் வெளிய தெறிக்கிற காலிக்கூடெல்லாம் சுவத்துல போய் அடிக்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. "கூடு ஒண்ணு எடுத்துட்டு வந்தீங்களா அத்தான்?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளைக் கூட்டை எடுத்துக் கொடுத்தார். விளக்கடியில் வைத்து உருட்டிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் ஒரு புடைப்பு நகத்தில் தட்டுப்பட்டது.

"இதுக்கு வயிறு தள்ளியிருக்கு."

"எனக்குந்தான் தள்ளியிருக்கு. அதுக்கு என்ன இப்போ?"

அவள் சிரிக்கவில்லை. புதுத் தோட்டாக்கள் வந்த பெட்டியை எடுத்துத் திருப்பினாள். மூலையில் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் ஓர் எழுத்து. வழக்கமான தோட்டாவைவிட அழுத்தம் கூடியது என்று அதற்குப் பொருள். புதிய துப்பாக்கிகளின் கையேட்டில் இந்த வகையைப் போடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அத்தானுடையது முப்பது வருஷப் பழசு. அதன் கையேடு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"கையேடு சொல்லலைன்னா போடக்கூடாதுன்னுதான் அர்த்தம். துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாவையும் குடுங்க."

"அம்பது சுட்டேன், ஒண்ணும் ஆகலியே."

"ஆகலைங்கிறது உங்க அதிர்ஷ்டம். துப்பாக்கியோட பலம் இல்ல."

அந்தத் தோட்டாவை அதே துப்பாக்கியில் சுட்டுப் பார்க்க, அன்று மதியமே இருவரும் ஆயுதச் சோதனைக்கூடத்துக்குப் போனார்கள். தடித்த சுவர்களுக்கு நடுவே, இரும்புப் பிடியில் பழைய துப்பாக்கியை இறுக்கினாள். விசையில் கயிறு கட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். நொடியைப் பல்லாயிரமாக நறுக்கிப் படம் பிடிக்கும் கேமராவை அதன் ஆள் சரிசெய்து வைத்தார்.

நான்கு தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. அத்தான் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஐந்தாவதற்குக் கயிற்றை இழுத்தபோது சத்தம் வேறு மாதிரி வந்தது. வெடிச் சத்தத்தோடு எதையோ கிழிக்கிற சத்தமும் சேர்ந்திருந்தது. புகை அடங்கி, உள்ளே போகலாம் என்று ஆனதும் போய்ப் பார்த்தார்கள். தோட்டாக்களை வைக்கும் மேகசின் கீழே பிய்ந்து கிடந்தது. கைப்பிடியின் இருபக்கப் பலகைகளும் சில்லுச் சில்லாகியிருந்தன.

அத்தான் தன் வலது கை விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

பிறகு கேமராக்காரர் படத்தைப் போட்டார். கண் இமைக்கும் நேரத்தை நூறாகப் பிரித்ததில் ஒரு பங்கு, திரையில் ஒரு நிமிஷமாக நீண்டது. குண்டு புகைவளையத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஸ்லைடு அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னால் பாய, பழைய ஸ்பிரிங்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பின்பக்கம் போய் மோதியபோது துப்பாக்கியின் உடற்சட்டம் முழுக்க அதிர்வு ஓடியது. குளத்தில் கல் விழுந்தாற்போல இரும்பு அலையடித்தது. அதற்கும் முன்பே, கூட்டின் அடிப்பகுதி மட்டும் பேரல் குழலின் அணைப்பில்லாமல் நிற்கும் இடத்தில் முதலில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. அடுத்து அது பூவாய் விரிந்து கைப்பிடிக்குள் இறங்கியது.

"இரும்பா இப்படி நெளியுது?" என்றார் அத்தான், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

"உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கும்னு நினைக்கிறீங்க? கார் டயர்ல இருக்கிறதைப்போல ஆயிரம் மடங்கு. சாதாரணத் தோட்டாவுக்கே அப்படித்தான். இது அதுக்கும் மேல."

அவளுக்கு இந்தக் கணக்கு பல வருஷமாகத் தெரியும். தெரிந்ததைக் கண்ணால் கண்டபோது உடம்பு சிலிர்த்தது. "முதல் நாலையும் போடுங்க" என்று கேட்டாள். நான்கு தடவையும் இரும்பு அலையடித்தது, நான்கு தடவையும் தாங்கியது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு பித்தளைக்கூடு. அதற்குள் அத்தனை மூர்க்கம். அதை விரலுக்குச் சூடுகூட எட்டாமல் இத்தனை வருஷம் சுமந்திருக்கிறது அந்தக் கிழட்டு இரும்பு. அவளுக்குக் கண் கலங்கியது, காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் நிர்வாகத்திடம் சொல்லி, மீதமிருந்த பழைய துப்பாக்கிகள் பதினொன்றுக்கும் சாதாரணத் தோட்டாவே என்று உத்தரவு போட வைத்தாள். புதியவற்றுக்கு ஸ்பிரிங்கைச் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, சட்டத்தில் கீறல் இல்லை என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே அழுத்தம் கூடிய தோட்டாவைக் கொடுத்தாள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் காலிக்கூடுகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது புது விதி.

முதல் ஆளாக, மாற்றுத் துப்பாக்கியில் சுட்ட கைநிறையக் கூடுகளோடு ஜன்னலுக்கு வந்தவர் அத்தான்தான். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துத் தானே வரிசையாக அடுக்கினார். "எதுக்கும் வயிறு இல்லம்மா. நீயும் ஒரு தடவை பாத்துடு" என்றார்.