லீடர், அளவு, குறிப்பு, படம், நேரம்

1

இந்தக் கதை ஒரு சமையலறையில் கிடைத்தது. பாதிதான் கிடைத்தது.

பானுப்பிரியா ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியில் உயிரியல் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். 2006 ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை தைத் பக்கம் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனாள். அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைக் கணவனிடம் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் பாளையங்கோட்டையிலிருந்து அவள் அம்மாவின் போன்.

"இருங்க, மீதி அப்புறம்" என்றாள்.

அப்புறம் தலைவலி வந்தது. காய்ச்சல் என்றார்கள், பிறகு மூளையில் என்றார்கள். பிப்ரவரியில் எல்லாம் முடிந்தது.

அந்தக் கணவன்தான் இதை எழுதுகிறான். ‘நான்’ என்று தொடங்கிப் பார்த்தான், இரண்டு வரியில் நின்றுபோனது. ‘எழுதுகிறவன்’ என்று மாற்றினான். கை நகர்ந்தது.

2

ஆரம்பங்கள்:

பேருந்து தைத் ரவுண்டானாவைத் தாண்டியபோது ஷ்ருதி குனிந்து தன் கழுத்தைப் பார்த்தாள். அதில் தாமரையின்

(வேண்டாம். யார் ஷ்ருதி, யார் தாமரை என்று வாசிக்கிறவருக்கு இன்னும் தெரியாது. வீணாகப் பயமுறுத்துகிற ஆரம்பம்.)

பாலைவனத்தில் வெள்ளரி விளையுமா என்று கேட்பவர்களுக்கு

(பள்ளி ஆண்டு மலர்.)

"இன்னிக்கு யாருக்கும் பேர் கிடையாது. வேலைதான் பேர்."

இது பானு சொன்னது. பண்ணை வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னாளாம். சமையலறையில் கத்தியை நீட்டியபடி அதே குரலில் சொல்லிக் காட்டினாள். இங்கிருந்து தொடங்கலாம்.

3

ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேர். லீடர், அளவு, குறிப்பு, படம், நேரம். வகுப்பில் எப்போதும் இரண்டு பேர் வேலை செய்ய, மூன்று பேர் பெயர் மட்டும் போட்டுக்கொள்வார்கள். அதை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. அன்று முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மார்க் குறையும்.

"டேய் அளவு, டேப்பை எடுத்துட்டு வாடா."

"போட்டோகிராபர்னு சொல்லுங்க மிஸ், படம்னா கேவலமா இருக்கு."

"படம், வாயை மூடு."*

நாம் பார்க்கப்போகிற குழுவுக்கு நிதின் லீடர். ஷ்ருதி குறிப்பு. தாமரைக்குக் கடைசியாக மிஞ்சிய ‘நேரம்’ வேலை கிடைத்தது. விளையாட்டு அறையிலிருந்து கொண்டுவந்த ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பசுமைக்குடிலுக்குள் வெள்ளரிக் கொடிகள் கயிற்றில் ஏறியிருந்தன. ஒவ்வொரு செடிக்கும் கீழே கறுப்புக் குழாய், அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு கிண்ணம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். தாமரை பொத்தானை அழுத்தினாள். பாதிக் கிண்ணம்கூட வரவில்லை.

"தூங்கிடுவேன்டி. கொஞ்சம் மாட்டிக்கோ, இதோ வர்றேன்" என்று வாட்சைக் கழற்றி ஷ்ருதியின் கழுத்தில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

* பிள்ளைகள் பாதி ஆங்கிலத்தில்தான் பேசியிருப்பார்கள். பானு தமிழில் சொன்னாள். அவள் சொன்னபடியே இருக்கட்டும்.

4

தாமரை எங்கே போனாள்?

புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியைப் பார்க்க என்று முதலில் எழுதினான். கன்றுக்குட்டி அழகாக வந்தது, அதனாலேயே சந்தேகம் வந்து அடித்தான். பேரீச்சைத் தோப்பில் தனியாக நிற்க என்று எழுதினான். பதினாலு வயதுப் பிள்ளை எதற்குத் தோப்பில் தனியாக நிற்கிறது?

இங்கே அறைத் தோழர் கௌஸ் முகைதீன் குறுக்கிடுகிறார். வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தவர், தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

"என்ன மாப்ள, காலையிலேருந்து எழுதுறே. லீவு லெட்டரா?"

"கதை. ஒரு பொண்ணு பண்ணையில குழுவை விட்டுட்டுப் போறா. எதுக்குப் போனான்னு தெரியல."

"பாத்ரூம் போயிருக்கும். இதுக்கு ஒரு யோசனையா?"

சரி. பாத்ரூம்.

(கௌஸ் முகைதீனை எழுதுகிறவன் கற்பனை செய்யவில்லை. துபாய் கராமாவில் ஓர் அறையின் எதிர்க் கட்டில் அவருடையது. பானு போன பிறகு ஷார்ஜா வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கட்டிடம் குடும்பங்களுக்கு மட்டும். அவன் மறுபடியும் பேச்சலர். இந்த ஊர் வாடகைக் கணக்கில் குடும்பம், பேச்சலர் என்ற இரண்டைத் தவிர வேறு வேலை கிடையாது.)

5

கிளம்பும் நேரம். பானு முன் சீட்டை ஒட்டி நின்று குழு அட்டையைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். அன்றைய விதி கடைசிவரை விதிதான். டிரைவர் கலீல் ரஹ்மான் ஸ்டியரிங்கைத் தட்டுகிறார். "ஜல்தி மிஸ், ஜல்தி. டிராபிக்."

"லீடர்?"

"இருக்கு மிஸ்."

"அளவு?"

"இருக்கு மிஸ்."

"குறிப்பு?"

"இருக்கு மிஸ்" என்றாள் ஷ்ருதி.

"படம்?"

"போட்டோகிராபர் இருக்கு மிஸ்." சிரிப்பு.

"நேரம்?"

ஷ்ருதி கழுத்தில் தொங்கிய வாட்சைக் கையால் பிடித்துப் பார்த்தாள். இருந்தது.

"இருக்கு மிஸ்."

பானு தலை நிமிரவில்லை. அடுத்த குழுவின் அட்டையை எடுத்தாள். "யல்லா, கிளம்பலாம்" என்றார் கலீல் ரஹ்மான்.

தாமரை ஜன்னலோரம் கேட்டு முன்னால் போயிருப்பாள் என்று ஷ்ருதி நினைத்தாள். பின்னால் பையன்கள் பாட ஆரம்பித்தார்கள். மணல், வேலி, ஒட்டகம் கடக்கும் என்ற எச்சரிக்கைப் பலகை. ரவுண்டானாவில் வண்டி சாய்ந்தபோது வாட்ச் நெஞ்சில் இடித்தது. அதை நிறுத்தவே இல்லை. எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தட்டுமா என்று கேட்க எழுந்து முன்னால் பார்த்தாள். தாமரையின் இரட்டைச் சடை எந்த சீட்டிலும் இல்லை.

6

இனி ஷ்ருதியின் மனசுக்குள் போக வேண்டும். எழுதுகிறவனுக்கு அங்கே வழி தெரியாது. ஆனாலும் போகிறான்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். போன வாரம்தான் பிரின்சிபால் வகுப்பு வாசலில் வைத்து மிஸ்ஸைச் சத்தம் போட்டிருந்தார்: அசம்பிளிக்கு ஏன் லேட்? இன்னும் புரொபேஷன் முடியவில்லை, தெரியுமில்லையா? மிஸ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து பாடம் நடத்தினார். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்தால்?

விட்டுவிட்டு வந்தது மிஸ் இல்லை. ‘இருக்கு’ என்று சொன்னது யார்?

சொல்லாவிட்டால் தாமரை அங்கே. சொன்னால் மிஸ். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டும் பெரிதாகிக்கொண்டு போயின. வாட்சை நிறுத்தலாம் என்று பொத்தானில் விரலை வைத்தாள். நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதோ முடிந்துவிடும் போல

(ஷ்ருதி இப்படி நினைத்திருப்பாளா? இது எழுதுகிறவனின் நினைப்பு மாதிரி இருக்கிறது. அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.)

பிறகு நடந்தது பானு சொன்னது. "அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்து என் பக்கத்துல நின்னுச்சுங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு. என்னம்மான்னு கேட்டேன். வாயைத் திறந்துச்சு…"

போன் அடித்தது. இருங்க, மீதி அப்புறம்.

7

உங்களைத் தவிக்க விட விருப்பமில்லை. தாமரை கிடைத்துவிட்டாள். பானுவைக் கடைசியாக ஊருக்கு அனுப்புவதற்கு முன் வீட்டுக்கு வந்த பிள்ளைகளில் அவளும் இருந்தாள், இரட்டைச் சடையோடு. ஆகவே எழுதுகிறவன் தேடுவது தாமரையை அல்ல. ஷ்ருதி சொன்னதும் பானு என்ன சொன்னாள்? கத்தினாளா? சிரித்தாளா? முதலில் யாரைப் பார்த்தாள்?

முடிவுகள்:

அ) கௌஸ் முகைதீன் தருவது. பானு விசிலடித்து வண்டியை நிறுத்துகிறாள். ரோட்டின் நடுவே யூ டர்ன். பின்னால் போலீஸ். பண்ணை வாசலில் தாமரை வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டு நிற்கிறாள். "உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா?" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். ("ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கும் மாப்ள. சாப்பிட வா.")

ஆ) ஷ்ருதி வாயைத் திறந்து, "தலை சுத்துது மிஸ்" என்கிறாள். திரும்பிப்போய் உட்கார்கிறாள். பண்ணைக்காரர்களே தாமரையை ஜீப்பில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஷ்ருதி செய்தது பானுவுக்குக் கடைசிவரை தெரியாது.

(இது ஷ்ருதிக்குச் செய்கிற அநியாயம். மேலும், பானுவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தானே சொல்ல ஆரம்பித்தாள்?)

இ) பானு ஷ்ருதியின் கழுத்திலிருந்து வாட்சைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். "யார் கேட்டாலும் எண்ணினது நான்தான்னு சொல்லு" என்கிறாள்.

இதுதான் நல்ல முடிவு. எழுதியதும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். மெட்ரோவுக்காகத் தோண்டிய ரோட்டிலிருந்து புழுதி வந்தது. மூடினான். பானு அப்படிச் சொல்லக்கூடியவளா? சொல்லக்கூடியவள் என்று தோன்றுகிறது. அதைச் சொல்கிற அவள் முகம் இப்போது தோன்றுகிற முகம்தான், பார்த்த முகம் இல்லை. அதனால் இந்த முடிவை நம்ப முடியவில்லை.

8

அன்று துக்கத்துக்கு வந்தபோது ஷ்ருதி அவன் முன்னால் வந்து நின்றாள். "அங்கிள், அன்னிக்கு பஸ்ல…" என்று ஆரம்பித்தாள்.

"அப்புறம் சொல்லும்மா" என்றான்.

மூன்று வருடம். போன வாரம் போன் வந்தது.

"அங்கிள், நான் ஷ்ருதி. பானு மிஸ் ஸ்டூடன்ட். பிளஸ் டூ முடிச்சுட்டேன், காலேஜுக்கு கோயம்புத்தூர் போறேன். அதுக்கு முன்னாடி உங்களைப் பாக்கணும். பஸ்ல நடந்ததை மிஸ் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"பாதி சொன்னா."

"அப்ப மீதியை நான்தான் சொல்லணும் அங்கிள். அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். வெள்ளிக்கிழமை. கீழே வந்து மிஸ்டு கால் குடுக்கிறேன்."

வெள்ளிக்கிழமை இன்றுதான். காலையிலிருந்து அவன் எழுதுவது அதனால்தான். அவள் வருவதற்குள் ஒரு முடிவு வேண்டும். அவள் சொல்லிவிட்டால் பானு சொல்லவேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. ‘மீதி அப்புறம்’ என்று ஒருத்தி சொல்லியிருக்கும்வரை அப்புறம் என்று ஒன்று இருக்கிறது. கீழே போனால் கலாஸ்.

போகாவிட்டால் அந்தப் பெண் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

9

மிஸ்டு கால்.

"மாப்ள, உன் போன்" என்கிறார் கௌஸ் முகைதீன்.

கிளம்புவதற்கு முன் எண்ணிவிடுவோம்.

லீடர்? இருக்கு.

அளவு? இருக்கு.

படம்? இருக்கு.

குறிப்பு? கீழே ஓட்டல் வாசலில், அப்பாவோடு.

நேரம்? இருக்கு. பிளஸ் டூ முடித்திருப்பாள்.

டீச்சர்?

"இருக்கேன்."

கேட்டீர்களா? அது அவன் குரல். முதல் வரியிலிருந்து அவளுக்கும் சேர்த்து அவன்தான் பதில் சொல்லிக்கொண்டு வருகிறான். ஷ்ருதியைப் போல அவனுக்கும் வாட்ச் கழுத்தில் இருந்தது, சொல்லிவிட்டான்.

உங்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அட்டையைக் கீழே வையுங்கள். நிமிர்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பாருங்கள். எது காலியோ அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். அவனுக்கும் கேட்க வேண்டும், அவன் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறான்.